பருவக்காற்றும் பழைய சிடிக்களும்

செங்கோட்டையில், ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கத் தொடங்கிவிட்டால் பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுச் சேலைகூட ஈரம் கோத்துக்கொள்ளும். அதே பீரோவில் கிடக்கும் சிடிக்கள் மட்டும் தப்பிவிடும் என்று எண்ணுவதற்கில்லை.

நாம் பதிவு செய்யும் சிடியில் தகவல் இருப்பது ஒரு கரிமச் சாயப் படலத்தில். அதன் மேல் பெரும்பாலும் வெள்ளியாலான எதிரொளிப்புப் படலம், அதற்கும் மேலே மெல்லிய அரக்குப் பூச்சு, அவ்வளவே. ஆகவே, ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் காக்கும் அடிப்பக்கத்தைவிட, பெயர் எழுதும் மேற்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனா அழுத்திய கோடே அதிகக் கேடு செய்யும். எங்கள் வீட்டுக் கல்யாண சிடி ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், விளிம்பருகே ஊசிமுனை அளவில் ஒளி கசிகிறது. அங்கே வெள்ளி அரித்துப்போய்விட்டது.

அடிப்பக்கக் கீறல் வேறு கதை. படிக்க முடியாமல் போன தகவலை மீட்டெடுக்கும் பிழைதிருத்த முறை, தகவல் பதிந்துள்ள சுருள் தடத்தின் நெடுகே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளி வரை முழுமையாக ஈடுகட்டிவிடும் என்பதால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தடத்துக்குக் குறுக்கே ஓடும் கீறலைவிட வட்டத்தையொட்டி ஓடும் கீறலே ஆபத்தானது, சட்டை நுனியால் வட்டமாகத் துடைப்பவர்கள் (நம்மில் யார் இல்லை?) அதைத்தான் வரவழைக்கிறார்கள். டிவிடியில் பதிவுப் படலம் இரு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக உள்ளது. ஆனால் ஒட்டுப்பசை விடுபடுவது அதற்கே உரிய நோய். பிழைகள் திருத்தும் எல்லையைத் தாண்டும்வரை படம் ஒழுங்காகவே ஓடும் என்பதால், இன்று ஓடுகிற சிடியை இன்றே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுப்பது நல்லது.