ஸ்கோர் புத்தகத்தில் ஒரு வட்டம்

ஜூன் 2, ஞாயிறு

பள்ளி கிரிக்கெட் அணியின் பழைய ஸ்கோர் புத்தகங்கள் இன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தன. மொத்தம் பத்தொன்பது. உடற்கல்வி ஆசிரியர் அறையின் பரணில், கிழிந்த காலுறைகளுக்கும் உடைந்த ஸ்டம்புகளுக்கும் அடியில் இத்தனை காலம் கிடந்திருக்கின்றன. முதல் புத்தகம் 1968, கடைசி 2003. நடுவில் ஐந்து பருவங்களுக்குப் புத்தகமே இல்லை. இரண்டைக் கரையான் ஓரமாகத் தின்றிருக்கிறது.

நோக்கம் இதுதான்: அணிக்காக ஆடிய ஒவ்வொரு மாணவரும் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை ஓட்டம் எடுத்தார், எத்தனை விக்கெட், எத்தனை கேட்ச் என்று ஒரே பட்டியலாகத் தொகுப்பது. பள்ளி மண்டபத்தில் கேப்டன்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. கடைசி ஆளாக மட்டை பிடித்துவிட்டு வகுப்புக்கு ஓடியவனின் பெயர் எங்கும் இல்லை. நானும் அப்படிக் கடைசியாக இறங்கியவன்தான். இந்த வேலையை ஏற்றதற்கு அதுவே காரணம்.

தொடங்கும் முன்பே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். ஏட்டில் இல்லாததை நான் எழுத மாட்டேன். கட்டத்தில் 0 என்றிருந்தால் அவர் களத்தில் நின்று, ஓட்டம் எடுக்காமல் போனார் என்று பொருள். கோடு இருந்தால் நமக்குத் தெரியவில்லை என்று பொருள். இந்த இரண்டையும் கலந்துவிட்டால் பட்டியலே பொய்யாகிவிடும்.

ஜூன் 5, புதன்

மேல்வகுப்பு மாணவிகள் இருவர் உதவிக்கு வந்திருக்கிறார்கள். நான் படிக்க, அவர்கள் கணினியில் ஏற்றுகிறார்கள்.

முதல் நாளே ஒரு தவறு பிடிபட்டது. ஒரு பந்துவீச்சாளர் ஒரு ஆட்டத்தில் 7.4 ஓவர், அடுத்ததில் 5.5 ஓவர் வீசியிருக்கிறார். கணினி கூட்டி 12.9 என்றது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது பந்துகளின் எண்ணிக்கை, தசமம் அல்ல என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? 46 பந்தும் 35 பந்தும் சேர்ந்தால் 81. அதாவது 13.3 ஓவர். இனி எல்லாவற்றையும் பந்துகளாகவே ஏற்றுவது என்று முடிவு செய்தோம். ஏற்றிய மூன்று பருவங்களையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினோம். பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஒரு பக்கம் சரியா என்று பார்ப்பதற்கு அந்தப் பக்கத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. மட்டையாளர்கள் எடுத்த ஓட்டங்களோடு, மட்டையால் எடுக்காத ஓட்டங்களான உதிரிகளைக் கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு அவர்கள் கணக்கில் சேராத உதிரிகளைக் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். வரவு செலவுப் பேரேட்டைப் போல இரு பக்கமும் நேராக நிற்க வேண்டும்.

இதிலும் காலத்தைப் பார்த்தாக வேண்டும். இன்று வைடும் (மட்டையாளருக்கு எட்டாத பந்து) நோபாலும் (விதி மீறி வீசிய பந்து) பந்துவீச்சாளர் கணக்கில் ஏறுகின்றன. 1980களின் முற்பகுதி வரை அப்படி இல்லை. மட்டையில் படாமல் போன பந்தில் எடுக்கும் பை, உடலில் பட்டுப் போன பந்தில் எடுக்கும் லெக் பை போல அவையும் தனியாகவே நின்றன. ஆகையால் 1975இல் வீசியவரின் சராசரியையும் 1995இல் வீசியவரின் சராசரியையும் அருகருகே வைத்து இவர் மேல், அவர் கீழ் என்று சொல்வது நியாயமாகாது. பட்டியலைக் காலம் பிரித்தே போடப்போகிறேன்.

இன்று சரிபார்த்த இருபத்திரண்டு பக்கங்களில் ஒன்பது நேராக நிற்கவில்லை. மனம் சோர்ந்தபோது காலின்ஸை நினைத்துக்கொண்டேன். 1899இல் இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரியில், பதின்மூன்று வயது மாணவன், பள்ளி விடுதிகளுக்கிடையே நடந்த ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 628 எடுத்தான். நூறாண்டுக்கு மேல் அதுவே எந்த ஆட்டத்திலும் பதிவான மிக உயர்ந்த தனிநபர் ஸ்கோராக இருந்தது. ஸ்கோர் எழுதியவர்களில் ஒருவரே பின்னாளில், 628ஐ இருபது கூடவோ குறையவோ வைத்துக்கொள்ளலாம் என்றாராம். ஆனாலும் ஏட்டில் நின்றது 628. ஏடு தவறலாம்தான். அதை மாற்ற ஊகம் போதாது, இன்னொரு ஏடு வேண்டும்.

ஜூன் 12, புதன்

எந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பது என்று நாள் முழுக்க வாதம். ஆசிரியர்களோடு ஆடியதையும் முன்னாள் மாணவர்களோடு ஆடியதையும் சேர்க்கலாமா? இங்கிலாந்து மட்டையாளர் ஜாக் ஹாப்ஸின் முதல்தரச் சதங்கள் 197 என்பாரும் உண்டு, 199 என்பாரும் உண்டு. அவர் அடித்ததில் யாருக்கும் ஐயமில்லை. சில ஆட்டங்களை முதல்தரமாக ஏற்பதா என்பதில்தான் வேறுபாடு. நாங்கள் வேறு பள்ளிகளோடு ஆடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்றவற்றுக்குத் தனிப் பட்டியல்.

ஜூன் 15, சனி

'ரிட்டயர்டு' என்று மட்டும் எழுதிய பதினான்கு இடங்கள். காயத்தாலோ உடல்நலக் குறைவாலோ வெளியேறியிருந்தால் அது ஆட்டமிழந்ததாகாது. தானாக விருப்பப்பட்டு வந்திருந்தால் ஆட்டமிழந்த கணக்கு. சராசரிக்கு ஓட்டங்களை வகுப்பது இன்னிங்ஸ் எண்ணிக்கையால் அல்ல, ஆட்டமிழந்த எண்ணிக்கையால். எனவே இந்த ஒரு சொல் சராசரியை மேலும் கீழும் ஆட்டிவிடும். மூன்று இடங்களில் ஓரத்தில் 'கால்' என்று குறிப்பு இருக்கிறது. அவற்றை மட்டும் தீர்த்தோம். மற்ற பதினொன்றின் எதிரே கோடு.

ஜூன் 16, ஞாயிறு

1981ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது.

அணியின் மொத்தம் 143. மட்டையாளர்கள் 131, பை 6, லெக் பை 3, வைட் 3. கூட்டினால் 143. இந்தப் பக்கம் நேர். அக்காலக் கணக்குப்படி பந்துவீச்சாளர்கள் கொடுத்தது 131 ஆக இருக்க வேண்டும். பந்து பந்தாகக் கூட்டினால் 135 வருகிறது. நான்கு ஓட்டங்கள் கூடுதல்.

தேடியதில் பதினேழாம் ஓவரில் வட்டத்துக்குள் ஒரு 4. வழக்கப்படி வட்டம் என்றால் நோபால்; உள்ளே எண் இருந்தால் அந்த நோபாலை மட்டையாளர் அடித்து எடுத்த ஓட்டம். அப்போதைய விதியில் மட்டையால் ஓட்டம் எடுத்துவிட்டால் நோபாலுக்கென்று தனி உதிரி கிடையாது. ஆகவே உதிரிக் கட்டத்தில் நோபால் இல்லாததும் இதற்குப் பொருந்துகிறது. அப்படியானால் மட்டையாளர் ஒருவர் கணக்கில் ஒரு நான்கு விட்டுப்போயிருக்க வேண்டும். மொத்தமும் 147 ஆகும்.

அந்த ஓவரில் பந்தை எதிர்கொண்டவர் 46இல் ஆட்டமிழந்திருக்கிறார். நான்கைச் சேர்த்தால் ஐம்பது. நான்கு ஆண்டுகள் அணிக்கு ஆடிய அவருடைய மிக உயர்ந்த ஸ்கோர் அந்த 46தான்.

ஆஸ்திரேலியாவின் பிராட்மன் டெஸ்டில் எடுத்த ஓட்டங்கள் 6,996. ஆடியது 80 இன்னிங்ஸ், அதில் 10 முறை ஆட்டமிழக்கவில்லை. எழுபதால் வகுத்தால் 99.94. இன்னும் நான்கு ஓட்டம் இருந்திருந்தால் சரியாக நூறு. அந்த நான்கு எந்தப் பழைய ஏட்டிலாவது தவறிக் கிடக்கிறதா என்று தேடியவர்கள் உண்டு. அவர்களுடைய ஆசை எனக்கு இன்று புரிந்தது. பேனாவை எடுத்து 50 என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதவில்லை.

ஜூன் 22, சனி

மாணவிகளில் ஒருத்தி இன்று கேட்டாள்: "சார், பெண்கள் அணியின் புத்தகம் ஒன்றுகூட இதில் இல்லையே?"

எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஒருநாள் போட்டியில் முதல் இரட்டைச் சதம் 2010இல் சச்சின் அடித்தது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆஸ்திரேலியப் பெண்கள் அணியின் பெலிண்டா கிளார்க் 1997இலேயே ஆட்டமிழக்காமல் 229 எடுத்துவிட்டார். எண்களில் குற்றமில்லை, யாரையெல்லாம் எண்ணினோம் என்பதில்தான் குற்றம்.

உடனே பள்ளிக்குப் போனோம். நூலகத்தின் பின் அலமாரியில், வருகைப் பதிவேடுகளோடு சேர்த்துக் கட்டியிருந்த நான்கு நோட்டுகள் கிடைத்தன. கோடு போட்ட சாதாரண நோட்டில் கையாலேயே கட்டம் வரைந்து எழுதியிருக்கிறார்கள். எட்டுப் பருவங்கள். ஒவ்வொரு பக்கமும் அப்படியே நேராக நிற்கிறது. பட்டியல் ஒரு மாதம் தள்ளிப்போகும். போகட்டும்.

ஜூன் 23, ஞாயிறு

1980 முதல் 82 வரை ஸ்கோர் எழுதியது ஒரே கை. சாய்ந்த எழுத்து, ஏழுக்குக் குறுக்கே ஒரு சிறு கோடு. ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் அந்தக் கை இல்லை. அன்றைய பதினொருவரில் ஒரு புதிய பெயர்: மட்டை பிடிக்கவில்லை, பந்து வீசவில்லை. ஆள் குறைந்ததால் ஸ்கோரரையே களத்தில் இறக்கியிருக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் பெயரும் வகுப்பும் பொருந்துகின்றன. முகவரியைக் கேட்டு அவர் வகுப்புத் தோழர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 30, ஞாயிறு

அந்த 46க்கு உரியவரே தொலைபேசியில் அழைத்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, அன்று நான் ஐம்பது அடித்தேன். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

"ஏட்டில் 46 இருக்கிறது, அண்ணா. ஒரு நான்கு மட்டும் தீராமல் நிற்கிறது. பார்த்துச் சொல்கிறேன்."

அவர் பொய் சொல்கிறார் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கைதட்டலோடு வாழ்ந்திருக்கிறார்.

ஜூலை 7, ஞாயிறு

ஸ்கோரர் கிடைத்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். புத்தகத்தை மடியில் வைத்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் தன் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

பதினேழாம் ஓவரைக் காட்டினேன். யோசிக்கவே இல்லை. "அது பை. கீப்பரைத் தாண்டிப் பவுண்டரிக்குப் போனது. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் வட்டம் என்றால் பை என்றுதான் சொல்லித்தந்தார். நோபாலுக்கு நான் 'நோ' என்று எழுத்தாகவே போடுவேன்."

அந்த நான்கை எடுத்துவிட்டால் பந்துவீச்சாளர் கணக்கு 131. பை ஆறில் அந்த நான்கு ஏற்கெனவே இருக்கிறது. மொத்தம் 143. பக்கம் நேராக நின்றது. மூன்று வாரமாக நான் சந்தேகித்த ஏட்டில் ஒரு பிழையும் இல்லை.

கைதட்டல் பற்றிக் கேட்டேன். "தட்டினார்கள். நான்தான் கூடாரத்திலிருந்து 'ஐம்பது' என்று கத்தினேன். நான்கு போனதும் அவசரத்தில் அவன் கணக்கில் கூட்டிவிட்டேன். நடுவர் பை என்று கை காட்டியதைப் பார்த்ததும் திருத்தினேன். அதை அவனிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை."

அவர் எழுதிய மற்றப் பக்கங்களில் வட்டமிட்ட எண்கள் இருபத்தாறு இருக்கின்றன. எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். வட்டமிட்ட எண்ணும் 'நோ'வும் உள்ள பக்கம் ஒன்றைத் தேடி அவர் சொன்ன முறையைச் சோதித்தோம். அங்கும் நேராக நின்றது.

ஜூலை 8, திங்கள்

காலையில் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். 46 என்பது 46தான், கைதட்டியதும் உண்மைதான் என்று நடந்ததை அப்படியே சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "அவன் நன்றாக இருக்கிறானா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன்.

"அவன் எண்ணைக் கொடு, தம்பி."

ஸ்கோரரிடம் அனுமதி கேட்டுவிட்டு, மாலையில் அனுப்பிவைத்தேன்.