படகில் ஏறுவதா, வீட்டுக்குள் நடப்பதா? ஜப்பானில் இரண்டு அனிமேஷன் பூங்காக்கள்

டோக்கியோவிலிருந்து நாகோயாவுக்குச் சென்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் எங்கள் குழுவுக்குள் மூண்ட விவாதம் ஊர் திரும்பிய பின்னும் அடங்கவில்லை. அனிமேஷன் படங்களை ஆதாரமாகக் கொண்டு எழுப்பப்படும் பூங்காவில் சவாரிகள் இருந்தே தீர வேண்டுமா என்பதுதான் கேள்வி. இரு தரப்பும் கேள்வியையே தவறாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் பார்த்தது டிஸ்னியின் பூங்காவான டோக்கியோ டிஸ்னிசீயில் 2024 ஜூன் 6 அன்று திறக்கப்பட்ட ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ் பகுதி. ஃப்ரோசன், டேங்கிள்ட், பீட்டர் பேன் ஆகிய மூன்று படங்களுக்காக ஏறத்தாழ 32,000 கோடி யென் செலவில் இது கட்டப்பட்டிருக்கிறது. செலவு கட்டியவர்களுடையது மட்டுமல்ல, பார்க்க வருபவர்களுடையதும்தான். நுழைவுச்சீட்டின் விலை தேதிக்கு ஏற்ப 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை மாறுகிறது. வரிசையில் நிற்காமல் ஏற வேண்டுமானால் ஒரு சவாரிக்கு மேலும் 2,000 யென் கட்ட வேண்டும். மூன்று பெரிய சவாரிகளுக்கும் அப்படிக் கட்டினால் ஒருவருக்கு 6,000 யென் ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட இன்னொரு நாளைக்கான சீட்டு வாங்கும் தொகை அது. ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டி, மற்றவற்றுக்கு வரிசையில் நிற்பது என்று முடிவு செய்தோம்.

எதற்குப் பணம் கட்டுவது என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இருக்கவில்லை. டேங்கிள்ட் படத்தின் நாயகி ரபுன்சலின் விளக்குத் திருவிழாச் சவாரி குறுகியதுதான்; கதையை முழுமையாகச் சொல்லவும் அது முயலவில்லை. ஆனால் படகு ஒரு வளைவைக் கடந்ததும் தலைக்கு மேலும், எதிரிலும், நீரின் பிரதிபலிப்பிலும் விளக்குகள் மிதக்கத் தொடங்கும் அந்த இடத்தில் எங்கள் படகில் ஒருவரும் பேசவில்லை. 2010-இல் வந்த அந்தப் படத்திலும் நாயகி அந்த விளக்குகளைப் படகில் அமர்ந்தபடிதான் காண்கிறாள் என்பதால், அங்கே சவாரி என்பது காட்சிக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்டதல்ல. ஃப்ரோசன் சவாரியில் பொம்மைகளின் முகபாவம் வியக்கத்தக்கதாக இருந்தாலும், முழுப் படத்தையும் சில நிமிடங்களுக்குள் ஓட்டிக் காட்டும் அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. பீட்டர் பேன் சவாரியில் முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து திரைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பறக்கும் உணர்வை எதிர்பார்த்து ஏறியவர்களுக்குத் திரையரங்கின் நினைவுதான் வரும். குழுவில் பாதிப் பேர் இதற்குக் கடும் மறுப்புத் தெரிவித்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

நாகோயாவில் மெட்ரோவில் ஃபூஜிகாவோகா வரை சென்று, அங்கிருந்து லினிமோவில் ஏறினால், ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி நிறுவனத்தின் அனிமேஷன் படங்களுக்கான பூங்காவான கிப்லி பார்க் வந்துவிடும். லினிமோ காந்த விசையால் மிதந்து ஓடும் ரயில். 2005-இல் இங்கே நடந்த உலகக் கண்காட்சிக்காகத் தொடங்கப்பட்டது. அந்தக் கண்காட்சி நடந்த பூங்காவுக்குள்தான் 2022 நவம்பர் 1 அன்று கிப்லி பார்க் திறக்கப்பட்டது.

நுழைவுச்சீட்டைத் தேதி குறித்து முன்பதிவு செய்ய வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவில் கடைசி நேரத்தில் சேர்ந்த நண்பருக்கு அந்தத் தேதியில் சீட்டு கிடைக்காததால், ஓர் இடைத்தரகரிடம் ஏறக்குறைய இரட்டிப்பு விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. சேவைக் கட்டணம் என்ற பெயரில் அவர் பறித்த தொகையில் நாங்கள் அனைவரும் இரவு உணவு உண்டிருக்கலாம். இது பகற்கொள்ளை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

அந்த நண்பர்தான் உள்ளே நுழைந்த சிறிது நேரத்திலேயே, "இவ்வளவு கொடுத்து வந்தும் ஏறுவதற்கு ஒன்றுமே இல்லையே" என்று குமுறினார். பெரிய சவாரிகள் இல்லை, நடந்து பார்க்க வேண்டிய இடம் இது என்று பூங்கா நிர்வாகமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. 2024 மார்ச்சில் திறந்த சூனியக்காரிகளின் பள்ளத்தாக்கில் குதிரை ராட்டினம் போன்ற சிறிய சவாரிகள் வந்திருக்கின்றன. அவற்றுக்குத் தனிக் கட்டணம். மற்றபடி காடு, குன்று, வீடுகள் ஆகியவைதான்.

அந்த வீடுகளில் ஒன்றுக்காகவே நான் மீண்டும் விமானம் ஏறுவேன். மை நெய்பர் டோட்டோரோ படத்தின் சகோதரிகளான சாட்சுகியும் மேயும் வாழும் வீடு 2005 கண்காட்சிக்காகக் கட்டப்பட்டு இன்றும் அங்கேயே நிற்கிறது. உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. ஆனால் அலமாரிகளையும் இழுப்பறைகளையும் திறந்து பார்க்கலாம். மடித்து வைத்த துணிகளும், சமையலறைப் பாத்திரங்களும், தந்தையின் அறையில் குவிந்த நூல்களும், திரையில் ஒருபோதும் காட்டப்படாத மூலைகள் உட்பட அனைத்தும், ஒரு குடும்பம் சற்று முன்புதான் வெளியே சென்றது போல இருக்கின்றன. படத்தில் அந்தச் சிறுமிகள் புதிய வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள்? ஓடுகிறார்கள், கதவுகளைத் திறக்கிறார்கள், எட்டிப் பார்க்கிறார்கள். நாமும் அதையே செய்கிறோம். இங்கே தண்டவாளம் போட்டு வண்டியில் உட்காரவைத்து இழுத்துச் சென்றிருந்தால் அந்தப் படத்தையே கெடுத்திருப்பார்கள்.

கதையில் நடப்பதையே நாமும் செய்ய முடிகிறதா என்ற இந்த அளவுகோலை வைத்தால், ஹவுல்ஸ் மூவிங் காசில் படத்தில் வரும் ஹவுலின் கோட்டை விஷயத்தில் நண்பர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. படத்தின் பெயரிலேயே நகரும் கோட்டை. இங்கேயோ அது நின்ற இடத்தில் நிற்கிறது. உட்புறம் அற்புதம்தான், என்றாலும் அந்தக் கதைக்கு அசைவு தேவை. ஒரு காலத்தில் நீச்சல் குளமாக இருந்த கட்டடத்துக்குள் அமைந்த கிப்லியின் பெரும் கிடங்கில், ஸ்பிரிட்டட் அவே படத்தின் ரயில் இருக்கையில் காவோனாஷி என்ற முகமூடி ஆவிக்குப் பக்கத்தில் அமர்ந்தபோது, ரயில் நகரவில்லை என்ற குறை எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் காட்சியின் உயிர் வேகத்தில் இல்லை, அருகருகே மௌனமாக உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது. அதற்கான வரிசை மட்டும் மிக நீளம்.

செல்ல நினைப்பவர்களுக்குப் பணம் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். கிப்லி பார்க்கில் விலை குறைந்த சீட்டில் பல வீடுகளை வெளியிலிருந்து மட்டுமே பார்க்கலாம். உள்ளே செல்ல பிரீமியம் சீட்டு வேண்டும். எங்கள் குழுவில் சிக்கனம் கருதி மலிவான சீட்டே போதும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். இழுப்பறையைத் திறக்க முடியாத சாட்சுகியின் வீடு எதற்கு? டிஸ்னிசீயில் வரிசையைத் தவிர்க்கக் கொடுக்கும் 2,000 யென் கட்டணங்களில் இரண்டை மிச்சப்படுத்தி, அதை இந்தச் சீட்டில் போடுங்கள்.