மஞ்சளுக்குத் தடை விழுந்தபோது எங்கள் கரையில் நடந்தது

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், வேதாளை, தனுஷ்கோடிக் கரைகளில், இலங்கைக்குக் கடத்தவிருந்த விரலி மஞ்சள் மூட்டைகள் பிடிபட்டதாக 2020ஆம் ஆண்டில் அடிக்கடி செய்தி வந்தது. மஞ்சள் எங்கள் மாவட்டத்துப் பயிரன்று. ஈரோடு, சேலம் பக்கத்தில் விளைவது. குண்டு மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் பேர்போன இந்தக் கரைக்கு அது ஏன் வந்து சேர்ந்தது என்பதை, இந்தியா இலங்கை வணிகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டு உழவரை ஊக்குவிப்பதற்காக 2019 டிசம்பரில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதிக்குத் தடை விதித்தது. நோக்கம் நியாயமானதே. ஆனால் மஞ்சள், உத்தரவு போட்டவுடன் முளைத்து வருகிற பயிரன்று. மழையை ஒட்டி நட்டால் கிழங்கு முற்ற எட்டு ஒன்பது மாதமாகும். அதைப் புழுக்கி, காயவைத்து, அரைத்த பிறகே அடுப்படிக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், நடுவதற்கும் கிழங்குதான் வேண்டும், அரைப்பதற்கும் கிழங்குதான் வேண்டும் என்பது: சாகுபடிப் பரப்பைக் கூட்ட முனைந்தால், இருக்கிற விளைச்சலில் ஒரு பெரும்பங்கை விதைக்கென எடுத்து வைத்தாக வேண்டும். கொரோனாக் காலமாதலால் மஞ்சளின் தேவையும் கூடியது. விலை பல மடங்கு ஏறியது. மாவு கலந்த மஞ்சள் தூளும் அங்கே கடைகளில் புகுந்தது.

தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். துறைமுக வழி அடைபட்டதும் மூட்டைகள் நாட்டுப்படகிலும் ஃபைபர் படகிலும் ஏறின. பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவர், பெரும்பாலும் கூலிக்குப் படகோட்டியவரே. சரக்குக்குப் பணம் போட்டவர் படகில் ஏறுவதில்லை. இலங்கை அரசுக்குச் சுங்க வரி இல்லை, ஈரோட்டு உழவருக்குக் கூடுதல் விலை இல்லை, வாங்கிச் சமைத்தவருக்குத் தரத்தில் உறுதி இல்லை. இது என்னை மிகவும் வருத்துகிறது.

இலங்கையை மட்டும் குறை கூறுவது முறையாகாது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது; இலங்கைக்குப் பத்தாயிரம் டன் அனுப்ப அனுமதி கிடைத்தது அடுத்த ஏப்ரலில்தான். இடைப்பட்ட மாதங்களில் நம் வெங்காயத்தை நம்பியிருந்த வீடுகள் என்ன செய்திருக்கும்? மிளகு விஷயத்தில் இந்தியா நிதானமாக நடந்துகொண்டது என்பது என் கருத்து. இலங்கை மிளகு மலிவாக வந்து கேரளத்து விவசாயியைத் தாக்குகிறது என்ற புகார் எழுந்தபோது, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்களே தவிர, வாசலை அடியோடு அடைத்துவிடவில்லை.

இரு நாடுகளுக்கும் இடையே 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. அதை விரிவாக்கும் பேச்சு 2016 முதல் இழுபடுகிறது. அந்தப் பேச்சில் வரி விகிதத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ஓர் உணவுப்பொருளின் வரத்தை நிறுத்துவதானால், அந்தப் பயிரின் ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே மறுநாட்டுக்கு அறிவிக்க வேண்டும், அந்தப் பருவம் முடியும்வரை, அளவு குறித்த வரத்தாவது தொடர வேண்டும். எங்கள் மாவட்டத்துக் கமுதியிலும் முதுகுளத்தூரிலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி மிளகாய் போடுகிறவர்கள் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டுத் தை, மாசியில்தான் பழம் பறிக்கத் தொடங்குகிறார்கள். தடை அறிவிப்பு மார்கழியில் வந்தால் அவர்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை.