காலில் ஒட்டும் தார்

அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரை நகரமான சான்டா பார்பராவுக்குக் குடிவந்த முதல் வாரத்திலிருந்தே எங்கள் வீட்டு வாசற்படியருகே ஒரு தேங்காய் எண்ணெய்க் குப்பி இருக்கிறது. அது தலைக்கு அன்று, காலுக்கு. கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்து திரும்பினால் உள்ளங்காலில் கறுப்பாக ஏதோ அப்பிக்கொள்ளும். சோப்புக்கு அது அசையாது, எண்ணெய் தடவித் தேய்த்தால்தான் போகும். சென்ற குளிர்காலத்தில் தரங்கம்பாடியிலிருந்து வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பெரிய பணக்கார ஊருன்னு சொன்ன, ரோடு போடுற தாரைக் கடற்கரையில கொட்டி வச்சிருக்காங்களேடி?" என்றார்.

யாரும் கொட்டியதில்லை. கடலடித் தரையின் பிளவுகள் வழியே கச்சா எண்ணெய் தானாகவே கசிந்து, அலையில் புரண்டு கெட்டியாகி, உருண்டைகளாகக் கரை ஒதுங்குகிறது. இந்தக் கரையின் பூர்வகுடிகளான சுமாஷ் மக்கள், பலகைகளைக் கயிற்றால் பிணைத்துத் தோமோல் என்னும் படகைக் கட்டி, அதன் இடுக்குகளை இந்தத் தாரும் பைன் மரப் பிசினும் சேர்ந்த கலவையால் அடைத்து, எதிரே தெரியும் தீவுகளுக்குப் போய்வந்தார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் பலகையைத் தைத்துக் கட்டியதுதான் என்பதால் இந்தச் செய்தி எனக்கு அந்நியமாகப் படவில்லை.

அதே எண்ணெய்தான் 1969 ஜனவரி 28 அன்று, கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் யூனியன் ஆயில் நிறுவனம் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட அமைத்த மேடையொன்றில் பீறிட்டு, 80 ஆயிரம் பீப்பாய்க்கும் அதிகமாகக் கடலில் பரவி, ஆயிரக்கணக்கான பறவைகளைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று முதல் புவி நாள் கொண்டாடப்பட்டதற்கு அந்த விபத்து ஒரு முக்கியத் தூண்டுதல். தங்கள் ஊரின் தோற்றத்துக்காகச் சண்டையிட இவ்வூரார் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. 1925 ஜூன் 29 காலையில் வந்த நிலநடுக்கம் கடைத்தெருவை ஏறக்குறைய முழுவதுமாகச் சிதைத்தபோது, அதற்கு முன்பிருந்தே ஸ்பானியப் பாணிக்காகக் குரல் கொடுத்துவந்த பேர்ல் சேஸ், பெர்னார்டு ஹாஃப்மன் போன்றோர் அந்த இடிபாட்டையே வாய்ப்பாகக் கொண்டு, வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடுமாக நகரத்தைத் திரும்பக் கட்டவைத்தார்கள். 1929இல் முடிந்த நீதிமன்றக் கோபுரத்தின் மேல் நின்று பார்த்தால் மலையடிவாரம்வரை ஓட்டுக் கூரைகள்தான் தெரியும். நகரின் சாசனமே புதிய கட்டடங்களை 60 அடிக்கு மேல் எழும்ப விடுவதில்லை.

இந்தக் கட்டுப்பாட்டை முதலில் நான் மிகவும் வியந்தேன். இப்போதும் வியப்பு உண்டு, ஆனால் சற்றுக் குறைந்திருக்கிறது. மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊரில் உயரவும் விடாமல், நெருக்கிக் கட்டவும் விடாமல் காத்ததால், 90 ஆயிரம் பேர்கூட இல்லாத நகரில் சாதாரண வீடே 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. உணவகத்தில் பரிமாறுபவரும் தோட்டம் வெட்டுபவரும் வென்சுராவிலிருந்தும் ஆக்ஸ்னார்டிலிருந்தும் 101ஆம் நெடுஞ்சாலையில் தினமும் ஊர்ந்து வருகிறார்கள். வேலையிருந்தும் காரிலேயே உறங்குவோருக்காக, 2004 முதல் ஒரு தொண்டு நிறுவனம் இரவில் வாகன நிறுத்துமிடங்களைப் பாதுகாப்பாக ஏற்பாடு செய்து தருகிறது.

அம்மாவுக்கு ஊரில் பிடித்தவை இரண்டு. கலிபோர்னியாவின் கரை இங்கே தெற்கு நோக்கித் திரும்புவதால், குளிர்காலத்தில் கதிரவன் கடலிலேயே உதித்துக் கடலிலேயே மறைவதைப் பார்த்து, கன்னியாகுமரிக்கு இனி போகவேண்டியதில்லை என்றார். மற்றது, சனிக்கிழமை காலையில் துறைமுகத்தில் மீனவர்களே நேரடியாக விற்கும் சந்தை. அங்கே உயிரோடிருந்த பாறை நண்டுகளைப் பார்த்ததும் அவர் மொழி தெரியாத கவலையை மறந்து, வயிற்றுப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, இளசாக இருந்த நான்கைத் தள்ளிவிட்டு ஆறைத் தேர்ந்தெடுத்தார். விற்றவர் சிரித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். ஆக்ஸ்னார்டில் குடியிருப்பதாகவும், விடியுமுன் கிளம்பி 60 கிலோமீட்டர் ஓட்டி வந்துதான் படகேறுவதாகவும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா நண்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, "கடல்ல தொழில் பாக்குறவருக்குக் கரையில ஒரு வீடு இல்லையா?" என்று கேட்டார். வாடகைக் கணக்கைச் சொன்னேன். டாலரை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு அதற்குமேல் அவர் பேசவில்லை.

அன்று மதியம் மிளகு அரைத்து வைத்து நண்டுக் குழம்பு. சதை எல்லாம் கொடுக்கில்தான் இருந்தது, ஓடோ கல் போலிருந்தது. அம்மி இல்லாத வீட்டில் சப்பாத்திக் கட்டையால் அடித்து உடைத்தோம்.