வெக்கையில் இறங்கிய விமானங்கள்

விமானந்தாங்கிக் கப்பலில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் எல்லோரும் விமானிகளின் துணிச்சலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தத் துணிச்சலில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் ஐ.என்.எஸ். விராட் கப்பலில், ஓடாமல் நின்றபடியே இறங்கக்கூடிய சீ ஹாரியர் விமானங்களின் பராமரிப்புப் பிரிவில் இருந்த எனக்கு, அந்த நாட்களை நினைத்தாலே முதலில் நினைவுக்கு வருவது வெக்கைதான். குளிர்ந்த வட அட்லாண்டிக் கடலை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட ஒரு ஜெட் விமானத்தை ஏப்ரல், மே மாதத்து அரபிக்கடலில் பறக்கவிடுவது எத்தகைய வேலை என்பது வெளியே அதிகம் பேசப்படவில்லை.

பாலக்காட்டில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கடற்படைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் வந்து விவரம் கேட்பதுண்டு. என் அக்கா மகன் ஒருமுறை, "ஓடுபாதையே வேண்டாம், நின்னபடியே இறங்கிக்கும்னா உங்களுக்கு வேலை சுலபம்தானுங்களே மாமா?" என்று கேட்டான். பலருடைய எண்ணமும் இதுதான். உண்மையில், சாதாரண விமானம் இறங்கும்போது அதன் எடையைத் தாங்குவது இறக்கை. அந்தரத்தில் நிற்கும் ஹாரியரின் எடை முழுவதையும் தாங்குவதோ அதன் ஒற்றை பெகாசஸ் என்ஜின். ஏறத்தாழ 9,750 கிலோ உந்துவிசை தரும் அந்த என்ஜின், காற்று சூடேறி அடர்த்தி குறையும்போது அவ்வளவையும் தர முடியாமல் தளர்ந்துபோகும். விமானத்தின் எடையோ வெயிலுக்காகக் குறையாது. ஆகவே மீதமிருக்கும் எரிபொருள் எவ்வளவு, இறக்கையின் கீழே சுமந்து திரும்பும் ஆயுதம் எவ்வளவு என்று கிலோ கணக்கில் பார்த்துத்தான் விமானி தளத்துக்கு வரவேண்டும். பிரிட்டிஷ் கடற்படை தன் சீ ஹாரியர்களுக்கு 2006 இல் ஓய்வு கொடுத்தபோது, வெப்பப் பகுதிகளில் அவற்றின் திறன் குறைவதையும் ஒரு காரணமாகச் சொன்னது. நாமோ 1983 இலிருந்து 2016 வரை அவற்றை அந்த வெப்பத்திலேயே இயக்கினோம்.

இந்த இழுபறியில் கைகொடுத்தது தண்ணீர். ஹாரியரில் சுமார் 225 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று உண்டு. இறங்கும் நேரத்தில் அந்த நீரை என்ஜினுக்குள் பீய்ச்சினால், எரிந்த வாயுவால் சுழலும் பகுதியான டர்பைன் குளிர்ந்து, கூடுதல் எரிபொருளை எரிக்க இடம் கிடைக்கும். ஒன்றரை நிமிடத்தில் தொட்டி காலியாகிவிடும். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் விமானி கப்பலின் இடப்புறம் வந்து, கப்பலின் வேகத்துக்கு ஈடாக நின்று, பக்கவாட்டில் தளத்தின் மேல் நகர்ந்து, இறங்கிவிட வேண்டும். தளத்துக்கு அருகில் வந்தபின் தயங்கவும் கூடாது; கீழே மோதி எழும்பும் வெப்பப் புகை மறுபடியும் என்ஜினுக்குள் புகுந்தால், இருக்கிற விசையும் குறையும். தொட்டியில் ஊற்றும் நீர் தாதுக்கள் நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டர்பைன் தகடுகளில் உப்புப் படியும். அந்த நீரைச் சோதித்துக் கையெழுத்திடும் பொறுப்பை நான் ஒருபோதும் சிறியதாக நினைத்ததில்லை.

கடலின் உப்பு விமானத்துக்கு வெளியே ஒரு படலமாகப் படிந்தால், என்ஜினுக்கு உள்ளேயும் ஒரு படலமாகப் படியும். பறந்து திரும்பிய விமானத்தின் என்ஜினை ஸ்டார்ட்டரால் மெதுவாகச் சுழலவிட்டு, முன்வாய் வழியாக நன்னீர் பாய்ச்சி, உள்ளே வரும் காற்றை அழுத்தும் கம்ப்ரசரைக் கழுவுவோம். பின்னாலிருக்கும், புகை வெளியேறும் வாய்களான நாசில்களில் முதலில் கலங்கலாக வடியும் நீர் போகப்போகத் தெளியும். உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் குழாயை மூடச் சொல்வார் எங்கள் மூத்த சீஃப். கப்பலில் நன்னீர் என்பது கடல்நீரைக் காய்ச்சி எடுப்பது. கொதிகலன்களுக்கு அது வேண்டும், சமையலுக்கு வேண்டும், மாலுமிகளின் குளியலுக்கும் வேண்டும். எங்கள் குளியல் நீரில் கை வைத்த நாட்கள் உண்டு. என்ஜின் கழுவும் நீரில் கை வைத்ததில்லை. அது முற்றிலும் சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன்.

பறப்புக்கு முன் தளத்தின் அகலத்துக்கு வரிசையாக நின்று, தலைகுனிந்து, அடிமேல் அடிவைத்து நடப்போம். பூச்சுச் சில்லு, திருகு, திருகுகள் கழன்றுவிடாமல் கட்டும் லாக்கிங் வயரின் நகக்கண் அளவே உள்ள துண்டு என எது கிடந்தாலும் பொறுக்கிப் பையில் போட்டாக வேண்டும். கீழ்நோக்கிப் பீறிடும் ஹாரியரின் காற்று கிடப்பதையெல்லாம் கிளப்பிவிடும். அதன் அகன்ற வாய்கள் உறிஞ்சியும் விடும். ஒரு துண்டுக் கம்பி உள்ளே போனால் என்ஜினையே மாற்ற நேரலாம். ஹாரியரில் என்ஜினை வெளியே எடுக்க, இறக்கையை அப்படியே ஒரே துண்டாகக் கழற்றி மேலே தூக்கியாக வேண்டும். கப்பல் ஆடிக்கொண்டிருக்க, விமானங்களை நிறுத்தும் காற்றோட்டமில்லாத ஹேங்கரில், பனியன் உடலோடு ஒட்டிக்கிடக்க, தொங்கும் இறக்கையை ஆளுக்கொரு முனையில் பிடித்து அசையாமல் நிறுத்திய இரவுகள்தான் என் பணிக்காலத்தில் மிகக் கடினமானவை. புதிய என்ஜின் பொருத்திய பிறகும் விமானத்தை அந்தரத்தில் நிறுத்திப் பார்த்து, அது எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஒரே வகை விமானங்களானாலும் அந்த எண் ஒன்றுக்கொன்று மாறும்.

காற்றும் எங்களுக்கு ஒரு கருவிதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவர்களுக்குக் காற்றின் போக்கைக் கவனிப்பது புதிதல்ல. மார்கழியில் பனைமரங்கள் இரவெல்லாம் இரைவது எங்கள் ஊரில் வழக்கம். ஆனால் மழைக்காலத்துக்கு முந்தைய அரபிக்கடலில் பல நாட்கள் காற்றே இருக்காது. அப்போது கப்பல் தன் வேகத்தாலேயே காற்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஹெர்மிஸ் என்ற பெயரில் 1959 இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1987 இல் நம்மிடம் விராட் ஆன அந்த முதிய கப்பல், அதற்காகக் கொதிகலன்களை முழுமூச்சாக எரித்து ஓடும். முன்னிருந்து வீசும் காற்று கப்பலின் முன்முனையில் மேல்நோக்கி எழும் பன்னிரண்டு டிகிரி சாய்தளத்தில் ஏறிப் பறக்கும் விமானத்துக்கு உதவும். இறங்கும் விமானத்தின் வெப்பப் புகையையும் பின்னுக்குத் தள்ளிவிடும். கொதிகலன் அறையில் வெந்தவர்களுக்கும் அந்த இறக்கத்தில் பங்கு உண்டு.

கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்ந்த புதிய விக்ராந்தில் மிக்-29கே விமானங்கள் இறங்கும்போது, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைக் கொக்கியால் பற்றி நிற்கின்றன. இறங்கும் எடையை என்ஜின் ஒன்றே சுமக்க வேண்டிய நெருக்கடி அங்கே இல்லை. ஆனால் அந்தக் கப்பலிலும் விமானத்தை உந்தி எறியும் கவண்பொறி கிடையாது; விமானம் சாய்தளத்தில் தன் சொந்த விசையால்தான் எழும்ப வேண்டும். வெப்பமான, காற்றில்லாத நாளில் அது தூக்கிச் செல்லும் எரிபொருளும் ஆயுதமும் குறையத்தான் செய்யும். உப்புப் படிந்த கம்ப்ரசர் அதை இன்னும் குறைக்கும். ஆகவே கொச்சியில் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு என்ஜின் கழுவும் முறையைச் சொல்லித்தரும் அன்றே, அந்தக் கழுவலால் விமானம் எத்தனை கிலோ கூடுதலாகச் சுமக்கும் என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று விரும்புகிறேன்.