என் மகனும் ஒற்றைக்கொம்பும்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். மகன் இப்போது எட்டாம் வகுப்பு. அவனுக்குக் கற்றல் குறைபாடு என்று தெரிந்து, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கி, வாசிக்கப் பழக்கி நாலு வருஷம் ஓடிவிட்டது. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று அம்மாக்கள் "எங்கே போகணும், என்ன செய்யணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை.

முதலில் கொரோனாவின் மேல் பழியைப் போட்டோம். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது அவன் இரண்டாம் வகுப்பு. 2021 நவம்பரில் திறந்தபோது நாலாம் வகுப்பு. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் எழுத்தை மறந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்கள், அதனால் இவன் தனியாகத் தெரியவில்லை. அப்புறம், விட்டுப்போன படிப்பைப் பிடிக்க அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எங்கள் தெருவுக்கு வந்தது. ஆறு மாதம் கழித்து, வகுப்பு எடுத்த பெண் வீட்டுக்கே வந்தாள். "அக்கா, மத்த பிள்ளைங்க எல்லாம் ஏறி வந்துருச்சு. தம்பி மட்டும் அதே இடத்துல நிக்கிறான். கதை சொல்லிக் கேள்வி கேட்டா அவன்தான் முதல்ல பதில் சொல்றான். எழுத்தைக் காட்டினாத்தான் முழிக்கிறான்" என்றாள். படித்தவர்கள் பிறகு பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்ததெல்லாம் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும்.

வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமியார் அவனைத் தேவிபட்டினம் நவபாஷாணக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பரிகாரம் செய்து வந்தார். வீட்டுக்காரர் சோம்பேறி என்றார். பள்ளியில் ஒருவர், "எட்டு வரைக்கும் எப்படியும் பாஸ்தானே, எதுக்குக் கவலைப்படுறீங்க?" என்று கேட்டார். எனக்கு அதுதான் கவலையே.

முதல் வேலை கண்ணும் காதும். இரண்டிலும் கோளாறு இல்லை என்று எழுதி வாங்காமல் எங்கே போனாலும் திருப்பி அனுப்புவார்கள். அதன்பின் கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்து பார்த்தார். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான முகாமுக்குக் கடிதம் கொடுத்தார். முகாமில் சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் இவன் ஓடியாடிக்கொண்டிருந்தான். "இந்தப் பையனுக்கு என்ன?" என்று கேட்காதவர் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று என்று சிறப்பாசிரியர் எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். அதை ஒப்பித்துத்தான் வரிசையில் நின்றேன்.

தேர்வு இரண்டு கட்டம். முதலில் அறிவுத்திறன். அடுத்தது, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள். இரண்டுக்குமாக இரண்டு தடவை மதுரைக்கு பஸ் ஏறினோம். அறிவுத்திறன் சராசரிக்குக் குறையவில்லை என்று வந்தது. வீட்டுக்காரர், "அப்ப எதுக்குச் சான்றிதழ்?" என்றார். நியாயமான கேள்விதான். அறிவு சரியாக இருந்தும் எழுத்து மட்டும் ஏறவில்லை என்றால்தான் அதற்குப் பெயர் கற்றல் குறைபாடு என்று அங்கிருந்த உளவியலாளர் விளக்கினார். இது குடும்பத்தில் தொடர்ந்து வரலாம் என்றும் சொன்னார். வரும் வழியில் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். வாட்ஸாப்பில் ஒருநாளும் ஒரு வரி எழுதியதில்லை, எல்லாம் குரல் பதிவுதான். பஸ் பரமக்குடி தாண்டியபோதுதான் எனக்கே அது உறைத்தது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அது சரியாக இருந்தது. ஆனால் ஓர் அலுவலகத்தில் அவன் அப்பா பெயரையே தப்பாக ஏற்றிவிட்டார்கள். திருத்தி வாங்க மூன்று வாரம். எழுத்துப் பிழைக்காக அவனை நான் அடித்த நாளெல்லாம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தது. எட்டு வயதுக்குப் பிறகுதான் சான்றிதழ் தருகிறார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும். எங்களுக்கு அடுத்த முறை 2027.

சான்றிதழ் வந்த அன்று வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். அவன் அன்றைக்கும் 'கொடி'யைக் 'கெரடி' என்றுதான் வாசித்தான்.

கைபேசியில் பார்த்த காணொளிகள் எல்லாவற்றிலும், இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'b'யையும் 'd'யையும் திருப்பி எழுதுவார்கள் என்றே சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. என் மகன் மாட்டிக்கொண்டது தமிழில், அதுவும் கொம்பில். யோசித்துப் பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது முதலில் வருவது 'க்' ஓசை. எழுதும்போது கொம்பை முதலில் போட வேண்டும். 'கொ' இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால். அந்தக் கால் பார்க்க 'ர' மாதிரியே இருக்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தடவிப் போகிற பிள்ளைக்குக் 'கொடி' 'கெரடி' ஆவதில் என்ன அதிசயம்? அவன் தப்பில் இத்தனை ஒழுங்கு இருக்கிறது என்று புரிந்தபோதுதான் எனக்குக் கோபம் அடங்கியது.

சிறப்பாசிரியர் வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாட்கள் எனக்கு. சாயங்காலம் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம் என்பது அவர் கட்டளை. முதல் இரண்டு மாதம் எழுத்தே கிடையாது. ப-ட-கு, வ-லை என்று சொல்லைக் கை தட்டி உடைப்பது, 'மீன்' கடைசியில் என்ன ஓசை என்று கேட்பது. பிறகு ஈர மணலில் விரலால் எழுத்து. ஓசையை வாயால் சொல்லிக்கொண்டேதான் விரல் நகர வேண்டும். திண்ணைப் பள்ளிக் காலத்தில் மணலில்தானே எழுதினார்கள் என்று மாமியார் இதற்கு மட்டும் முழு ஆதரவு கொடுத்தார். 'கெ' எழுத ஒரு தந்திரம் செய்தோம். முன்னால் இடம் விட்டு முதலில் 'க' போடுவான், அப்புறம் 'எ' என்று இழுத்துக்கொண்டே கொம்பை முன்னால் செருகுவான். ஓசை வரும் வரிசையில் கை போனது. நோட்டில் எழுதும்போது கொம்புக்கும் காலுக்கும் சிவப்பு க்ரேயான். ஐந்தாறு மாதத்தில் தந்திரம் தேவைப்படாமல் போனது, அவனாகவே கொம்பிலிருந்து ஆரம்பித்தான்.

ழ, ள, ல விஷயத்தில் நான் தோற்றேன் என்றே சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மழையை 'மளை' என்றுதான் சொல்கிறோம். நானே 'ள' சொல்லிவிட்டு அவனை 'ழ' எழுதச் சொன்னால் எந்தக் காதை நம்பி எழுதுவான்? மூணுசுழி 'ண', ரெண்டுசுழி 'ன' இரண்டும் எங்கள் வாயில் ஒன்றுதான். இவற்றைக் காதால் பிடிக்க முடியாது, கண்ணுக்குத்தான் பழக்க வேண்டும் என்று விட்டுவிட்டோம். கண், மண், வண்டி ஒரு அட்டையில். மீன், தேன், வான் இன்னொன்றில்.

வாசிக்க ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால், சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று தூக்கி எறிந்தான். சரி, கரையில் நிற்கும் படகுகளின் பெயரை வாசிக்கட்டும் என்று கூட்டிப்போனேன். கடகடவென்று சொன்னான். பூரித்துப்போய் வீட்டில் வந்து சொன்னால் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "அவனுக்கு எந்தப் படகு யாருதுன்னு தெரியாதா?" படகைப் பார்த்துப் பெயரைச் சொல்லியிருக்கிறான், ஒரு எழுத்தையும் பார்க்கவில்லை. ஊகித்தே ஒப்பேற்றுவது இந்தப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. அன்றிலிருந்து வாரம் ஒருநாள் அர்த்தமில்லாத சொற்களைச் சீட்டில் எழுதி வைத்துச் சோதிப்பேன்: லமி, டொபு, கேசுறு. ஊகிக்க வழியில்லை, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அவனுக்கு அது விளையாட்டு. அர்த்தம் வேறு கண்டுபிடிப்பான். 'டொபு' எங்கள் வீட்டில் இப்போது ஒரு வசைச்சொல்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போகிற வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். இரண்டாம் வருஷத் தடையில் அந்தப் பதினைந்து நிமிடத்தை அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மணலில் குனிந்து என்ன செய்தார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், இரண்டு மொழிப் பாடங்களில் ஒன்றுக்கு விலக்கு என்று சலுகைகள் உண்டு. ஆள் கிடைத்தாலே போதும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் ஒத்திகை பார்த்தோம், நான் எழுத, அவன் சொல்ல. பேசுகிறபடியே கொட்டுகிறான், எங்கே வாக்கியம் முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிட்டோம்.

சொந்தமாக எழுத வைப்பதில் சிறப்பாசிரியர் ஒரு விதி வைத்தார்: முதலில் அவன் எழுதியதற்குப் பதில் சொல்லுங்கள், பிழையைப் பிறகு பாருங்கள். அதற்காக அப்பாவின் கணக்கு நோட்டை அவனிடம் கொடுத்திருக்கிறோம். போன வாரம் எழுதியிருந்தது இது:

"நகர 4 கிலோ. மொரல் 2 கிலோ. காரல் ஒரு கூட. வாடக் காத்து. அப்பா கோவம்."

"ஏன் கோவம்?" என்று கேட்டேன். வலை கிழிந்ததாம். 'நகரை'யில் சங்கிலிக்கொம்பு (ை) இல்லை, 'கூடை'யிலும் இல்லை. 'மொரல்', புத்தகத்தில் 'முரல்'. ஆனால் எங்கள் கரையில் யார் 'முரல்' என்கிறார்கள்? கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'ம'. சிவப்பு க்ரேயான் இல்லாமல்.