1-0 ஆனதும் நம் இந்தியக் கால்பந்து அணிக்கு என்ன ஆகிறது?

2024 மார்ச் 26, குவாஹாட்டி. ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 38வது நிமிடத்தில் சுனில் சேத்ரி பெனால்டி அடித்தார், 1-0. முடிவு 1-2. அதே ஆண்டு ஜூன் 11, கத்தார் மண்ணில் கத்தாருக்கு எதிராக. 37வது நிமிடத்தில் நம் விங்கர் சாங்தே கோல், 1-0. முடிவு 1-2. 2025 அக்டோபர் 14, கோவாவின் மட்காவ்ன். சிங்கப்பூருக்கு எதிராக 14வது நிமிடத்தில் மறுபடியும் சாங்தே, 1-0. முடிவு மறுபடியும் 1-2.

முதல் இரண்டும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. மூன்றாவது, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பையே பறித்த ஆட்டம். முதல் இரண்டில் பயிற்சியாளராக பெஞ்சில் இகோர் ஸ்டிமாச், மூன்றாவதில் காலித் ஜமீல். நடுவில் மனோலோ மார்க்கெஸ் வந்து, எட்டு ஆட்டங்களில் மாலத்தீவை மட்டும் ஜெயித்துவிட்டுப் போனார். பயிற்சியாளர் மாறினார், உதவியாளர்கள் மாறினார்கள். கோல் அடித்தவுடன் நம் அணி பின்வாங்கும் பழக்கம் மட்டும் மாறவே இல்லை. எனக்கு உள்ள கோபம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான்.

முன்னிலை எப்படிக் கைநழுவுகிறது என்று பார்ப்போம். நாம் கோல் அடித்ததும், ஓரங்களில் தாக்கும் இரண்டு விங்கர்களும், ஓரங்களில் தடுக்கும் ஃபுல்பேக்குகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். நான்கு பேர் நிற்க வேண்டிய கடைசி வரிசையில் ஆறு பேர். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் முன்னால் ஸ்ட்ரைக்கர் தனியாள். அவருக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் 30, 35 மீட்டருக்கு மேல் இடைவெளி போகக் கூடாது; நமக்கு அது அதையும் தாண்டிவிடுகிறது. டிஃபெண்டர் பந்தைத் தூக்கி அடிக்கிறார். தனியாக நிற்கும் ஸ்ட்ரைக்கர் இரண்டு பேருடன் மல்லுக்கட்டித் தலையால் தட்டினாலும், கீழே விழும் பந்தை எடுக்க நம் ஆள் பக்கத்தில் இல்லை. இப்படிச் சிதறி விழும் அந்த 'செகண்ட் பால்' எதிரணி மிட்ஃபீல்டருக்குப் போகிறது. அவர் நிமிர்ந்து பார்த்து மறுபடி நம் பாக்ஸுக்குள் போடுகிறார். ஐந்து நிமிடத்தில் இப்படி ஏழெட்டு முறை நடந்தால் ஒன்று கார்னராகும், ஒன்று ஃப்ரீ கிக் ஆகும், ஒன்று பெனால்டியாகும். குவாஹாட்டியில் 70வது நிமிடத்தில் சமன் ஆனது, 88வது நிமிடத்தில் பெனால்டி.

கத்தார் ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலே 73வது நிமிட கோலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டுவிட்டது. கத்தார் வீரர் அதை உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் கோலுக்குள் தள்ளினார். விஏஆர் (நடுவருக்கு உதவும் வீடியோ மறுபரிசீலனை) இல்லாத ஆட்டம், நடுவர் கோல் கொடுத்துவிட்டார். அப்பட்டமான அநியாயம், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பந்து எங்கிருந்து வந்தது? பக்கவாட்டு ஃப்ரீ கிக். அதில் முதலில் தலை கொடுத்தவரும் அதே அய்மன்தான். ஃப்ரீ கிக்கில் முதல் பந்தை நாம் எடுத்திருந்தால் கோட்டுப் பிரச்சினையே வந்திருக்காது. அதன் பிறகு 85வது நிமிடத்தில் விழுந்த இரண்டாவது கோலுக்கு நடுவர் மேல் பழி போட முடியாது. அநியாயம் நடந்த 12 நிமிடத்துக்குள் அணியை நிதானப்படுத்துவது பெஞ்சின் வேலை.

சிங்கப்பூர் ஆட்டங்களில் இன்னொன்று கவனித்தீர்களா? அக்டோபர் 9 அன்று அங்கே நாம் வாங்கிய கோல் 45+1வது நிமிடம், அதாவது முதல் பாதியின் கூடுதல் நேரத்தில். ஐந்து நாள் கழித்து மட்காவ்னில் வாங்கிய முதல் கோல் 44வது நிமிடம். இரண்டுமே இடைவேளைக்கு விசில் ஊத இருக்கும் நேரம். ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை ஒரே வாசலில் திருடன் புகுந்தால், வாசலுக்குப் பூட்டுப் போட்டார்களா என்று கேட்கத்தானே செய்வோம்? 40வது நிமிடத்துக்கு மேல் செய்ய வேண்டியது எல்லா அணிக்கும் தெரிந்த பாடம்: இரண்டு ஃபுல்பேக்குகளும் ஒன்றாக மேலே போகக் கூடாது, ஒருவர் போனால் மற்றவர் நிற்க வேண்டும், பாக்ஸுக்கு முன்னால் இரண்டு மிட்ஃபீல்டர்கள் அசையாமல் நிற்க வேண்டும், த்ரோ-இன், கோல் கிக் எதையும் அவசரமாகப் போடக் கூடாது, வெளியேற்றும் பந்து நடுவில் விழாமல் பக்கக் கோட்டுப் பக்கம் போக வேண்டும். முதல் ஆட்டத்தில் 47வது நிமிடத்தில் டிஃபெண்டர் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கியதால் மட்காவ்னில் அவர் இல்லை. இதையெல்லாம் கத்திச் சொல்லும் குரல் களத்துக்குள் குறைந்தபோது, கோட்டுக்கு வெளியே இருப்பவர்களின் குரல் இரட்டிப்பாகியிருக்க வேண்டும்.

நம்மால் முன்னிலையைக் காக்கவே முடியாது என்பதும் உண்மை இல்லை. 2025 ஆகஸ்ட் 29, ஹிசோர், தஜிகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். ஜமீலுக்கு அதுதான் முதல் ஆட்டம். 13 நிமிடத்துக்குள் அன்வர் அலியும் ஜிங்கனும் அடித்து 2-0. 23வது நிமிடத்தில் ஒன்று வாங்கினோம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்த முன்னிலையைப் பிடித்து வைத்தோம், குர்பிரீத் ஒரு பெனால்டியையும் தடுத்தார். என்ன வித்தியாசம்? ஆகஸ்ட் நடுவில் பெங்களூருவில் முகாம் தொடங்கியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் கையில் இருந்தது. யார் எங்கே நிற்க வேண்டும் என்பது உடம்பில் ஏறியிருந்தது. அக்டோபருக்கு முந்தைய முகாமில் பல வீரர்களைக் கிளப்கள் தாமதமாகத்தான் அனுப்பின. சர்வதேச ஆட்டங்களுக்கென ஃபிஃபா ஒதுக்கும் நாட்களுக்கு (ஃபிஃபா சாளரம்) வெளியே வீரரை அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிளப்புக்கு இல்லை. வியாழன் சிங்கப்பூரில் ஆட்டம், செவ்வாய் கோவாவில் ஆட்டம். நடுவில் ஒரு நாள் களைப்பாற, ஒரு நாள் விமானம், ஆட்டத்துக்கு முந்தைய நாள் லேசான பயிற்சி. முழுப் பயிற்சிக்கு மிஞ்சுவது ஒரே ஒரு நாள்.

நேரம் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரம் இல்லாத அணி, உள்ள நேரத்தை எதில் செலவழிக்கிறது என்பதுதான் என் கேள்வி. அந்த ஒரு நாளில் 90 நிமிடப் பயிற்சி என்றால் அதில் 30 நிமிடத்தை இதற்கே ஒதுக்கலாம். பதினொருவருக்குப் பதினொருவர், ஸ்கோர் 1-0, மீதி 15 நிமிடம் என்று வைத்து இரண்டு முறை ஆட விடலாம். எந்த நிமிடத்தில் யார் உள்ளே வருவார், அவர் எந்த இடத்தில் நிற்பார் என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். 60, 65வது நிமிடத்தில் வேகமான ஒரு விங்கர் உள்ளே வந்தால் எதிரணியின் ஃபுல்பேக் மேலே ஏறத் தயங்குவார். 80க்கு மேல் ஒரு டிஃபெண்டரை இறக்கிக் கூட்டத்தைக் கூட்டினால் தயங்க வேண்டியவர்கள் நாம்தான் ஆகிறோம்.

இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மேல் உள்ள வருத்தம் தனி. 2023ல் ஸ்டிமாச்சுக்கு 2026 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்; ஒரு வருடம் ஆகும் முன்பே நீக்கி, 4 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடித்தார்கள். அடுத்து வந்த மார்க்கெஸ் எஃப்சி கோவாவையும் தேசிய அணியையும் ஒரே நேரத்தில் பார்த்தார். ஒரு கிளப்பின் அன்றாட வேலையே ஒருவரின் முழு நேரத்தைத் தின்னும்போது, தேசிய அணியின் ஆட்ட வீடியோவை யார் உட்கார்ந்து வெட்டி அலசுவது? ஃபிஃபா தரவரிசையில் 2023 ஜூலையில் 99வது இடத்தில் இருந்த அணி 2025 ஜூலையில் 133க்கு இறங்கியது.

ஜமீலை உடனே தூக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐஸ்வால் கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் அவர். குறைந்த ஆட்களை வைத்துக் கோட்டை கட்டத் தெரிந்தவர். அவருக்கு செட் பீஸுக்கென்று (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) ஒரு தனிப் பயிற்சியாளரும், ஆட்டத்தின் நடுவிலேயே இடைவெளிகளை அளந்து பெஞ்சுக்குச் சொல்லும் ஓர் அனாலிஸ்ட்டும் வேண்டும். அடுத்த முறை நாம் 1-0 என்று முந்தும்போது ஸ்கோர் பலகையை விட்டுவிட்டு நம் இரண்டு விங்கர்களைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் அவர்களில் ஒருவராவது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால், பெஞ்சில் யாரோ வேலை பார்க்கிறார்கள் என்று நம்பலாம்.